குறையே சொல்லாத மாமியாரும் அவருடைய தேளும்

என் மாமியார் குறை சொல்ல மாட்டார். இதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே அங்கே மாமியார் புராணம் ஆரம்பமாகிவிடும். ஒருத்தியின் மாமியாருக்கு, மருமகள் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தால்தான் தூக்கம் வரும். இன்னொருத்தியின் மாமியார் போனிலேயே நொட்டை கண்டுபிடிப்பவர். என் முறை வரும்போது, நீ பேசாதே, வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே என்று என் வாயை அடைத்துவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் எனக்கே சந்தேகம்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன். உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. அத்தையும் அந்த ரகமோ என்று சோதித்துப் பார்க்க, ஒருநாள் வேண்டுமென்றே சமையலில் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தார். ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்து உட்கார்ந்த என் கணவர்தான் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை அப்படி ஆனதற்குக் காரணம் அவர் பார்த்த வேலை. வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அதே நாற்காலி. முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு வட்டமாக ஓர் ஓட்டை. மின்விசிறி சுற்றவில்லை என்று வருகிறவர், வீட்டில் பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்பதில்லை என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக் கத்திவிட்டுப் போவார். ஒருவர் இஸ்திரிப் பெட்டியை அப்படியே மேஜையில் போட்டு உடைத்திருக்கிறார். இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, அவர் வீட்டில் மின்சாரம்தான் இல்லை. எல்லாவற்றையும் அத்தை தலையை லேசாகச் சாய்த்தபடி கேட்டுக்கொள்வார். கேட்டுக் கேட்டு, தன் வாயால் யாரிடமும் ஒரு குறையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாராம். செருப்புக் கடையில் ஓர் அளவு சிறியதைக் கட்டிக் கொடுத்துவிட்டபோதுகூட, மாற்றிக் கேட்காமல் அது தேய்ந்து போகிறவரை நொண்டி நொண்டி நடந்திருக்கிறார்.

தேள் அவருக்குக் கிடைத்ததும் அந்த நாற்காலியில்தான். யாரோ ஒருவர் புதிதாக வாங்கிய ஏர் கூலரைப் பிரித்தபோது, பெட்டிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு தேள் நடந்து வந்திருக்கிறது. அந்த இயந்திரம் ஏதோ பாலைவன நாட்டில் தயாராகிக் கப்பலில் வந்தது. வாங்கியவர் தேளை ஜாம் பாட்டிலில் பிடித்துப் போட்டு, ஆதாரம் என்று கொண்டுவந்து அத்தையின் மேஜையில் வைத்துவிட்டார். கம்பெனி மன்னிப்புக் கேட்டு வேறு கூலர் கொடுத்தது. புகார் தீர்ந்தது, ஆதாரம் மட்டும் மேஜையிலேயே மிஞ்சிவிட்டது. மேலாளர் அதைச் செருப்பால் அடித்துப் போடச் சொன்னார். விலாசம் மாறி வந்த சரக்கை அடித்துக் கொல்வதா என்று அத்தைக்கு மனம் வரவில்லை. பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அலுவலகத்தில் அதற்கு ஆதாரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் போய், அதை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டு வந்தார். இந்த வகை கொட்டினால் பெரியவர்களுக்குக் குளவி கொட்டிய மாதிரி வலிக்கும், சிறு குழந்தைகள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்று அவர் எச்சரித்திருந்தார். அதனால் அத்தை அதைக் கையால் தொட்டதே இல்லை, எதற்கும் நீளமான இடுக்கிதான். பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் மண்ணைக் கெட்டித்துக் கொடுத்தார். அது குழி பறித்துக்கொண்டு வருஷக்கணக்காக அதற்குள் சௌக்கியமாக இருந்தது. பகலெல்லாம் ஊரே கத்துவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், பேசாமல் இருக்கிற ஓர் உயிர் எதிரே இருப்பது ஆறுதல் என்பார். கடையில் என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "எல்லா மாமியாருக்கும் கொடுக்கு நாக்குல இருக்கும். உன் மாமியார் அதைத் தனியா டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க" என்றாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். எங்கள் கல்யாணம் முடிந்து அடுத்த வருஷமே என் அம்மா போய்விட்டார். அப்பா இடிந்து போனார். அவர் மீன் தொட்டி செய்கிறவர். கீழே பட்டறை, மேலே வீடு. அம்மா போன பிறகு மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, தோன்றினால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் வேலைக்கும் அப்பாவுக்குமாக ஓடி ஓடி ஓய்ந்துபோனேன். ஒருநாள் காலையில் அத்தை தன் ஒரே மகனின் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டோம்.

"ரெண்டு பேரும் அங்கே போய் இருங்க. அவர் தனியா இருக்கக் கூடாது" என்றார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவர். அப்போ நீ தனியா இருக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டார். தனக்கு அலுவலகம் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, தனக்கென்ன என்று அத்தை சிரித்தார். மாமனார் எப்போதோ போய்விட்டார், அந்தத் தனிமை தனக்குப் பழகிவிட்டது என்றும் சொன்னார். பிள்ளையை வீட்டோடு மாப்பிள்ளையாக அனுப்பிவிட்டாளே என்று உறவில் எத்தனையோ பேர் அவர் காதுபடப் பேசினார்கள். அதையும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். நாங்கள் வந்து சேர்ந்த சில மாதங்களில் அப்பா மாடிப்படி ஏறினார், குளித்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இன்று என் அப்பா நல்லபடியாக நடமாடுகிறார் என்றால் அதற்கு அத்தைதான் காரணம். இதை நான் பத்துப் பேர் முன்னால் சொல்வேன், கடையில் வாடிக்கையாளர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை ஓய்வு பெற்ற பிறகு, அவர் குடியிருந்த கட்டடத்தில் குழாய்களையெல்லாம் பெயர்த்து மாற்ற ஆரம்பித்தார்கள். வேலை முடியும்வரை எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று அழைத்துவந்தோம். ஒரு பை துணி, ஒரு தேள், அவ்வளவுதான் சாமான். வந்த வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில், தேள் இருந்த பெட்டியின் அடியில் விரிசல் விட்டுவிட்டது. ஆதாரத்தை ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னுக்கு மாற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தியம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்தார். ஒரு தட்டு கழுவக்கூட விடாத அந்த அம்மாளுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. எங்கள் வீட்டில் அத்தையை நாங்கள் ஒரு வேலை செய்ய விடுவதில்லை, அவர் வீட்டுக்கு நாங்கள் போனால் அவரும் எங்களை விடமாட்டார், இரண்டு பக்கமும் அப்படி ஒரு மரியாதை. இப்போது வாய்ப்பு தேடி வந்துவிட்டது. தொட்டி என்று வந்துவிட்டால் அது தன் துறை, நீங்கள் எல்லாரும் பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா பட்டறைக்கு இறங்கினார்.

இருப்பதிலேயே தடித்த கண்ணாடியை எடுத்தார். விளிம்புகளைக் கை வழுக்கும்வரை தேய்த்தார். நான்கு உள்மூலைகளிலும் பசையை மேலிருந்து கீழ்வரை பட்டையாக இழுத்து, விரலால் ஒரே வழியாக வழித்துவிட்டார். பசையின் புளித்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அப்பா வழித்த பசையைப் பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், அதற்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. காய்ந்ததும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்து, ஒரு முழு நாள் வைத்துப் பார்த்தார். பாலைவனத் தேளுக்கான தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்த ஒரே மனிதர் உலகத்திலேயே என் அப்பாவாகத்தான் இருப்பார். என் கணவர் சிரித்தார். தொட்டி என்றால் ஒழுகக் கூடாது மாப்பிள்ளை என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிறகு அலங்காரம். தரையில் நீலக் கூழாங்கல், நடுவில் பிளாஸ்டிக் வளைவு ஒன்று, பின்பக்கம் பவளப்பாறையும் மீன் கூட்டமுமாக ஒரு கடல் படம். மேலே காற்று போக ஓட்டைகள் போட்ட கண்ணாடி மூடி. தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, அத்தையின் அறையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சம்பந்தி" என்றார்.

அப்பா அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

ஆனால் ஆதாரத்துக்கு அந்த மாளிகை பிடிக்கவில்லை. கூழாங்கல்லில் குழி பறிக்க முடியுமா? காலை வைத்தால் கல் உருளும். அது வளைவுக்கடியில் ஒடுங்கிக்கொண்டு, போட்ட வெட்டுக்கிளியைத் திரும்பியும் பார்க்காமல் கிடந்தது. அத்தை தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன அத்தை, சாப்பிடவில்லையா அது என்று நான் கேட்டால், புது இடம் இல்லையா, பழகிவிடும் என்பார். அப்பா கேட்டாலும் அதே பதில்தான்.

சில நாட்களில் எங்கள் மாடிப்படிப் பூந்தொட்டிகளில் நீலக் கூழாங்கற்கள் முளைக்க ஆரம்பித்தன. முதலில் அப்பாவின் வேலை என்று நினைத்தேன். ஒரு காலை, கடைக்குக் கிளம்பும்போது பார்த்தால், அத்தை கைப்பையைத் திறந்து கற்களை ஒரு பூந்தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் செடிக்கு நல்லதாம் என்றார். கைப்பைக்குள் எட்டிப் பார்த்தேன், அடியில் ஒரு பொட்டலம் மணல் இருந்தது. அவர் அறைக்குப் போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அப்பா பட்டறைக்குப் போன பிறகு, பிடி பிடியாகக் கல்லை எடுத்துவிட்டு மணலைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா கண்ணில் படவேண்டும் என்பதற்காக, கண்ணாடியை ஒட்டி ஒரு வரிசை நீலத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு இத்தனை கடத்தலா? ஆனால் அவர் சம்பந்தி முகம் வாடக் கூடாது என்று செய்கிறார், நான் நடுவில் புகுந்து கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். மூடியின் ஒரு மூலையில் அவர் பசை டேப் ஒட்டியிருந்ததையும் அப்போது பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே அத்தை குடியிருந்த வீட்டின் உரிமையாளர் போன் செய்தார். குழாய் வேலை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடலாம் என்றார். அத்தை அதை எங்களிடம் சொன்னபோது நாங்கள் மூவரும் அப்படியா என்றோம். அவர் போகக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை. வேலை முடிந்து வீட்டுப் படியேறும்போது, இன்றைக்கு எத்தனை பேர் கண்ணாடி மாற்றினார்கள் என்று அவர் கேட்பார். அதற்காகவே நான் வழியெல்லாம் கதை சேர்த்துக்கொண்டு வருவேன்.

அறைக்குள் போய் என் கணவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவருக்கும் அதே எண்ணம்தான். ஆனால் ஒன்று சொன்னார். அம்மாவுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. நாம் இருங்கள் என்று சொன்னால், பிடிக்காவிட்டாலும் சரி என்று சொல்லிவிடுவார். அது கையை முறுக்கிச் சம்மதம் வாங்குகிற மாதிரி. எத்தனையோ வருஷமாகத் தனியாக, தன் இஷ்டப்படி இருந்து பழகியவர். யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் பட்டது. என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்கினேன்.

சனிக்கிழமை மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றார். ஒரு துணியை எடுத்து உதறிக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"ஆதாரத்தைக் காணோம்மா. பதறாதே. காலைக் கீழே வைக்கிறப்போ மட்டும் பாத்து வை."

கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அலறினேன். சத்தம் கேட்டு அப்பாவும் என் கணவரும் வந்தார்கள். எப்படித் தேடுவது என்பதையும் அத்தைதான் சொன்னார். அப்பாவிடம் கண்ணாடித் துண்டுகளை ஒட்டும் ஒருவகைப் பசையைக் காயவைக்க ஊதா விளக்கு ஒன்று இருந்தது. அந்த வெளிச்சம் பட்டால் தேளின் உடம்பு பச்சையாக ஒளிருமாம். பட்டப்பகலில் ஜன்னல்களுக்கெல்லாம் போர்வையைக் கட்டி இருட்டாக்கினோம். நால்வரும் கனத்த ஷூக்களை உதறிப் போட்டுக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டைச் சுற்றி வந்தோம். கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. ஒரு மூலையில் பளிச்சென்று ஏதோ ஒளிர்ந்தது, எல்லோரும் துள்ளிக் குதித்தோம். சோப்பில் வெளுத்த என் கணவரின் பனியன் அது.

கடைசியில் அத்தையின் அறையில், ஜன்னலுக்குக் கீழே இருந்த அவர் பைக்குள் பச்சை தெரிந்தது. வாய் திறந்திருந்த பையில், மடித்த கம்பளியின் இடுக்கில் ஆதாரம் ஒண்டியிருந்தது. அத்தை இடுக்கியால் பதமாகப் பிடித்து டின்னுக்குள் விட்டார். என் கணவர் போர்வையை இழுத்துவிட, அறைக்குள் வெளிச்சம் வந்தது. நான் அந்தப் பையைப் பார்த்தேன். கொண்டுவந்த துணியெல்லாம் கொண்டுவந்தபடியே அதில் அடுக்கியிருந்தது. நான் துடைத்து, காகிதம் விரித்துக் கொடுத்த அலமாரித் தட்டு காலியாகக் கிடந்தது. இத்தனை நாளும் பையிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, திரும்பப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார். எப்போது கிளம்பலாம் என்று காத்திருந்திருக்கிறார், கேட்காமல் விட்டதே நல்லது என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

"தப்பு என்னோடது. மூடியைச் சரியா மூடலை" என்றார் அத்தை. நாளைக்குத் தன் வீடு திரும்பும் வழியில் தேளைக் கல்லூரியில் கொடுத்துவிட்டுப் போய்விடுவதாகவும், இனி யாரும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு டின்னின் மூடியை ஒருமுறை தடவினார்.

இவர் இன்னும் எத்தனையைத்தான் கொடுப்பார் என்று நினைத்தேன். மூடியைச் சரியாக மூடாமல் விடுகிற ஆளா அவர்? எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் போனேன். மூடி கச்சிதமாக மூடியபடி இருந்தது. ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் நுழைகிற அளவு கண்ணாடி வெட்டியிருந்தது. அப்பா செய்கிற எல்லா மூடியிலும் அந்த வெட்டு இருக்கும். மீனுக்குக் காற்று போகிற குழாய் உள்ளே இறங்குவதற்கு. அத்தை ஒட்டியிருந்த டேப்பைக் காணவில்லை.

அப்பாவும் வந்து நின்றார். வெட்டிய மூலையில் விரலை வைத்தார். "கை பாட்டுக்கு வெட்டிடுச்சு" என்றார் மெதுவாக. கண்ணாடியில் ஏதோ டேப் ஒட்டிக்கொண்டிருந்ததே என்று, தினமும் அதை உரித்துப்போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கியதும் அவர்தானாம். அத்தை ஒட்டுவார், அப்பா உரிப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நான் அத்தையைப் பார்த்துத் திரும்பினேன். "உங்களுக்கு இது தெரியும்தானே?"

"முதல் நாளே தெரியும்மா" என்றார். "சம்பந்தி அவ்வளவு ஆசையாச் செஞ்சாரு. எந்த வாயால சொல்றது?"

அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு அப்போது பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருஷமாக அடுத்தவர் குறையை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டவருக்கு, சொந்த வீட்டில் ஒரு குறை சொல்ல உரிமையில்லையா என்று கத்தினேன். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

"நான் இப்ப கவுன்ட்டர்ல இருக்கேன். நீங்க தொட்டி வாங்கினவங்க. உக்காந்து புகாரைச் சொல்லுங்க."

என் கணவர் என் தோளைத் தொட்டார், அளவுக்கு மீறுகிறாய் என்று அர்த்தம். நான் அசையவில்லை. அத்தை தயங்கி நின்றார். அப்போது அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சம்பந்தியம்மா. செஞ்சவன் நான். நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்" என்றார்.

அத்தை உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கடல் படம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அது பாலைவனத்துல பிறந்தது. பின்னாடி மீன் வந்தா பயப்படாதா?"

முதலில் சிரித்தது அப்பாதான். அதற்கப்புறம் அத்தைக்குத் தடையே இல்லை. புகாரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? எது குறை, அதனால் என்ன கஷ்டம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தேள் வழவழப்பான கண்ணாடியில் ஏறாது, மூலைப் பசையில் கால் ஊன்றி ஏணி மாதிரி ஏறிவிடும், அதனால் உள்பக்கம் பசையே தெரியக் கூடாது. மூடியில் வெட்டும் கூடாது, கண்ணாடிக்குப் பதில் கம்பி வலை போட்டுக் கொக்கி மாட்ட வேண்டும். வெறும் மணலும் உதவாது, குழி சரிந்து தலையில் விழும். களிமண் கலந்து, ஈரமாக்கி இறுக்கி, நன்றாகக் காயவிட்டால்தான் பறித்த குழி நிற்கும். அப்பா எந்தப் புகாருக்கும் முகம் சுருக்கவில்லை. நடுநடுவே எத்தனை ஆழம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில், இத்தனை வருஷத்தில் தன் வேலையை இவ்வளவு ஒழுங்காக யாரும் குறை சொன்னதில்லை என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தொட்டி தயாராகிறவரை கிளம்ப வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். வேலை பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் கிளம்பிப் போகக் கூடாதாம். அத்தை வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்து, சில நாள் கழித்து வருவதாகச் சொன்னார்.

இந்த முறை அத்தையும் பட்டறைக்கு இறங்கினார். தண்ணீர் தேக்கப்போவதில்லை என்பதால் அப்பா மெல்லிய கண்ணாடியே எடுத்தார். ஊதா விளக்கில் காயும் பசையால், விளிம்போடு விளிம்பு ஒட்டினார். உள்மூலையில் விரலை ஓட்டினால் வெறும் கண்ணாடிதான் தட்டுப்பட்டது. மண் போடுவதற்கு முன்பே, மண்ணுக்கு மேலே தலை தெரிகிற உயரத்தில் ஒரு தட்டைக் கல்லை நிமிர்த்தி, அடிக் கண்ணாடியில் அழுத்தி வைக்கச் சொன்னார் அத்தை. மண்ணின் மேல் வைத்தால், தேள் அடியில் பறிக்கும்போது கல் இறங்கி நசுக்கிவிடும். அப்பா மணலையும் களிமண்ணையும் பிசைந்து, ஒரு சாண் உயரத்துக்குக் கட்டையால் இடித்துக் கெட்டித்தார். லேசாகச் சூடேறும் பட்டையை அடியில் ஒட்டப் போனபோது அத்தை கையைப் பிடித்து நிறுத்தாத குறை. சூட்டுக்குத் தப்ப அது கீழேதான் பறிக்கும், கீழேயே சூடு இருந்தால் எங்கே போகும் என்றார். பட்டை ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டது, மறுபக்கம் குளிர்ச்சியாக விடப்பட்டது. தண்ணீருக்கு ஒரு சீசா மூடி. வலை மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி போட்டது என் கணவர். லிஃப்ட் கதவைச் சோதிப்பதுபோல் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

மண் காய்ந்ததும் கல்லை ஒட்டி விரலால் ஒரு சின்னப் பள்ளம் செய்து கொடுத்து, டின்னைச் சாய்த்தார் அத்தை. மறுநாள் காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது தேளைக் காணவில்லை. ஒரு கணம் எனக்குப் பகீரென்றது. அத்தை கல்லுக்குப் பக்கத்தில் காட்டினார். அங்கே வாய் அரைவட்டமாக ஒரு குழி, வெளியே புதுமண் குவியல். உள்ளே இருட்டில் அதன் இரண்டு மஞ்சள் இடுக்கிக் கைகளின் நுனி மட்டும் தெரிந்தது. அப்பா தரையோடு தரையாகக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க சம்பந்தியம்மா. இன்னும் ஏதாவது குறை இருக்கா?"

அத்தை தொட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கொக்கியை இழுத்துப் பார்த்தார். "தொட்டியில ஒண்ணும் இல்லை" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று நாங்கள் திரும்பினோம்.

"வீட்டுலதான் ஒண்ணு இருக்கு" என்றார் அத்தை. "வந்த நாள்லேருந்து எல்லாரும் என்னை நல்லாப் பாத்துக்கிறீங்க. ஒரு தட்டு கழுவ விடலை. அதையெல்லாம் நான் குறை சொல்லலை. ஆனா, இங்கேயே இருங்கன்னு ஒருத்தர் வாயிலேருந்தும் வரலை."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் சுவரைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். என் அப்பா தனியாக இருக்கக் கூடாது என்று பெற்ற பிள்ளையை அனுப்பிவைத்தவர், தனக்காக அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுக் கேட்க வேண்டியதாகிவிட்டது. ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். மண் வேலையில் சொரசொரத்துப் போயிருந்தன.

"இருங்க அத்தை" என்றேன். "எங்கேயும் போக வேண்டாம். இருங்க."

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளா?" என்றார் அவர்.

என் மாமியார் என்னிடம் கோபமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.